விட்டுப்போன கூடை

மஞ்சக்குப்பத்தில் டயர் கடைக்கு மேல்
எங்கள் கம்பெனி.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
கட்டிலுக்கடியில் நாற்பது கிலோ முந்திரி.

விளம்பரத்துக்கு இன்று எழுநூறு ரூபாய் போயிற்று.
பார்த்தவர் ஒன்பதாயிரம் பேர்.
வாங்கியவர் நஸ்ருதீனின் மச்சான்.

யாரோ ஒருவர் மட்டும்
இரவு இரண்டு பத்துக்கு வருகிறார்.
அரைக்கிலோ முழுப்பருப்பைக் கூடையில் போட்டு,
போன் நம்பர்கூட நிரப்பிவிட்டு,
பணம் கட்டுமிடத்தில்
காணாமல் போகிறார்.

'இன்னும் பத்தே நிமிடம்' என்று
நாங்கள் ஓடவிட்ட கடிகாரம்
திறக்கும்போதெல்லாம் பத்திலிருந்தே தொடங்கும்.
அதற்கும் அவர் அசையவில்லை.

எட்டாம் இரவு நானே அழைத்தேன்.

"சிப்காட்டுல நைட் ஷிப்ட்டுங்க. டீ நேரம்.
பொண்ணு கோட்டயத்துல நர்சிங் படிக்குது.
அனுப்புற செலவோட எவ்வளவு ஆவுதுன்னு
பாத்துட்டு வச்சிடுவேன்.
சம்பளம் ஏழாந்தேதி.
ஆமா, உங்க கடிகாரம் ரிப்பேரா?"

நஸ்ருதீன் விழுந்து விழுந்து சிரித்தான்.
நான் உட்கார்ந்து
கடிகாரத்தைக் கழற்றினேன்,
நான்கே வரிகள்தான் அது.

ஏழாந்தேதி, இரண்டு பத்து.
டயர் கடை நாய்கூடத் தூங்கிவிட்டது.
கூடையில் அரைக்கிலோ.
பணம் கட்டுமிடத்தில்
அந்தச் சின்ன வட்டம்
சுற்றுகிறது, இன்னும் சுற்றுகிறது.