பதிவு செய்த எண்

கணக்கு மங்கையர்க்கரசியின் பெயரில்.
எண் என்னுடையது.
பதினைந்து வருடம் முன்பு படிவம் நிரப்பிய அன்று
அவள் கையில் போன் இல்லை,
நாற்றங்கால் சேறு இருந்தது.

ஆகவே ஆடுதுறையிலிருந்து அவள்
நெல் மாநாட்டுக்கு வலென்சியா போய் இறங்கியதும்
முதல் சேதி வங்கிதான் சொன்னது:
யூரோ 1.60. ஏதோ ஒரு பார்.
பதறிப்போனேன்.
காபி என்றாள். அங்கே காபிக்கடைக்கும் அதே பெயராம்.

எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை.
முறைத்தண்ணீர் வந்தும் வராத ஜூலை,
கருகிய பம்புசெட்டுகள் வாசல்வரை.
தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டே எண்ணுவேன்,
சட்டைப்பையில் போன் அதிரும், எண்ணிக்கை தப்பும்.
பேருந்து. தண்ணீர் பாட்டில். மறுபடி காபி.
இரண்டு காபி.
யாரோடு என்று வங்கி சொல்வதில்லை.
கூடவே தலைக்கு மூன்றரை சதவீதம்,
கொள்ளிடத்து ஓடக்கூலி மாதிரி
ஒவ்வொரு கடப்புக்கும்.

கிளம்பும் முன் காசாளர் ஜெபமாலை சொல்லியிருந்தார்:
"ரூபாயிலா அவங்க காசிலான்னு மெஷின் கேக்கும்மா.
ரூபாய்னு பாத்ததும் நம்ம ஆள் மாதிரி இருக்கும்.
அதுதான் கூடப் புடிக்கும். அவங்க காசையே அமுக்குங்க."
அவள் தலையாட்டினாள்.
நானும் ஆட்டிவைத்தேன்.

நாலாம் நாள் ராத்திரி, பதினொன்று நாற்பது.
யூரோ 189. செருப்புக்கடை.
பெருக்கினேன். பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
பன்னிரண்டு மூட்டை சன்ன ரகம்.
கீழே கேட்டிருந்தது:
இது நீங்கள் இல்லையெனில் பிளாக் என்று அனுப்பவும்.

கும்பகோணத்தில் முந்நூறு ரூபாய்ச் செருப்பை
இருநூற்றைம்பதுக்குக் கேட்டு,
படி இறங்கி, திரும்ப ஏறி,
இருநூற்றெண்பதுக்கு வாங்கியவள்.
கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
இருபத்திரண்டு வருடத்தையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன்.
இது அவள் இல்லை.
அனுப்பிவிட்டேன்.

அவள்தான்.
புதுச் செருப்போடு விருந்துக்குப் போய்,
இன்றைக்கு எல்லோருக்கும் என் கணக்கு என்று
அட்டையை நீட்டியிருக்கிறாள்.
மெஷின் மூன்று தரம் மாட்டேன் என்றதாம்.
பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி கட்டினாளாம்.

"திருட்டுப் போச்சுன்னு நெனச்சீங்களா,
இல்ல, நான் வாங்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"
வாயெடுத்தேன். லைன் அறுந்தது.
அறுந்தது என்று வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தாள்.
தவிட்டு நிறம், தட்டை அடி. வரப்பில் வழுக்காதாம்.
வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய் வந்தாள்.
ஜெபமாலை என் எண்ணை ஒரே கோடாக அடித்தாராம்.

இப்போதெல்லாம் பம்புசெட்டுக்காரர்கள் மட்டும்தான்
என்னைக் கூப்பிடுகிறார்கள்.
நேற்று சாயங்காலம் கடைவாசலில் நின்றாள்,
கையில் பெரிய பொட்டலம்.
எவ்வளவு ஆச்சு என்றேன்.
"எதுல சொல்லட்டும்? ரூபாயிலயா?"

நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பதினாறு.
நூற்றுப் பதினாறு.