பதினொரு விநாடி

தம்மாம் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டு.
கிளினிக் ஏசி பழைய லாரி போல இருமுகிறது.
என் முன்னால் திரையில் பதினாறு கோடுகள்.
ஒவ்வொரு கோடும் ஓர் ஆள்,
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரைமேல்,
காலுக்கடியில் கப்பலைப் பார்த்தபடி குனிந்திருக்கும் ஆள்.
ஹெல்மெட்டின் உள்விளிம்பில் ஒரு பட்டை.
நெற்றிக்கு நான்கு பொட்டு, காதோரம் இரண்டு.
வைத்த உடனே குளிரும்.
நான்தான் ஜெல் தடவி ஒட்டுகிறேன்.

ஏழாவது கோடு சிக்கந்தர், தொண்டிக்காரர்.
தினமும் இரண்டு நாற்பதுக்குச் சிவக்கும்.
பதினொரு விநாடி. பிறகு பச்சை.
'கவனம் விலகல்' என்று திரை குறித்துக்கொள்ளும்.
மூன்று சேர்ந்தால் ஓர் எச்சரிக்கை.
மூன்று எச்சரிக்கைக்குத் தரையில் வேலை.
தரையில் சம்பளம் பாதி.

கூப்பிட்டுக் கேட்டேன், தூங்கினீங்களா?
"தூங்கல சிஸ்டர். காலிப் பெட்டி எறங்குற நேரம் அது,
கை தானா ஓடும்.
அப்ப ஒரு கணக்குப் போடுவேன்.
ரெண்டு லட்சம், மூணு வட்டி, அனுப்புனது போக மிச்சம்.
ரூம்ல எட்டுப் பேரு, அங்க போட முடியாது.
அந்தக் கணக்கு கம்பெனிக்கு எதுக்கு?"

கணக்கு கம்பெனிக்குத் தெரியாது என்றேன்.
நீங்கள் அங்கே இல்லை என்பது மட்டும் தெரியும்.

"அது அதவிட மோசமில்லையா?"

பதினான்கு பக்கப் படிவம், அரபியிலும் ஆங்கிலத்திலும்.
கடைசிப் பக்கத்தில் தமிழில் கையெழுத்து,
க்-கன்னாவுக்குப் புள்ளி மறக்காமல் வைத்திருக்கிறார்.
'முழுச் சம்மதத்துடன்' என்று
அன்று வாசித்துக் காட்டியது நான்.
சம்மதிக்காட்டி என்ன என்று பின்வரிசையில் ஒரு குரல்.
அடுத்த விமானம் என்று படிவத்தில் எழுதியிருக்கவில்லை.
எழுத வேண்டியிருக்கவில்லை.

பட்டையைத் திட்டிவிட்டுப் போகவும் எனக்கு வழியில்லை.
போன ரமலானில் தன் பகதூர் கண்ணயர்ந்தார்.
கம்பியில் முப்பது டன், கீழே மூன்று பேர்.
நெற்றியில் பட்டை அதிர்ந்து விழித்தார்.
அந்த மூவரில் ஒருவர் நேற்று
பல்வலி என்று வந்து வாயைத் திறந்து காட்டினார்.
டார்ச் அடித்துப் பார்த்தேன், கடைவாயில் சொத்தை.
இதை எந்தத் தட்டில் வைப்பது?

பன்னிரண்டாவது கோட்டில் அவ்வப்போது ஒரு குட்டி முள்.
வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்,
ஒன்றுமில்லாமலும் போகலாம்.
வில்பிரடோவுக்கு இன்னும் தெரியாது.
சர்வருக்குத் தெரியும்.
சர்வரிடமிருந்து இன்சூரன்சுக்குத் தெரியுமா என்று
மேனேஜரிடம் கேட்டேன்.
நல்ல கேள்வி என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

ஒரு வெள்ளிக்கிழமை சிக்கந்தர் வந்து நின்றார்.
"என் கோட்ட எனக்குத் தருவீங்களா?"
விதியில் அனுமதி இல்லை. மறுப்பும் இல்லை,
இப்படிக் கேட்பார்கள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.
பிரிண்டர் துப்பியதை நீட்டினேன்.
டியூப்லைட்டில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல வட்டி எது, அசல் எது?"
சிரித்துவிட்டேன். அவரும்.
ஏதோ ஒரு மேட்டைத் தொட்டு, இது அசல் என்றேன். பொய்.
நாலாக மடித்து
பணம் அனுப்பிய ரசீதோடு வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் இரண்டு நாற்பதுக்கு ஏழாவது கோடு பச்சை.
கணக்கு என்னாச்சு?
"படுத்துக்கிட்டுப் போடுறேன் சிஸ்டர்.
ஹெல்மெட்டு அப்ப ஆணியிலதான தொங்குது."

மெஸ் சுவரில் புது நோட்டீஸ், ஐந்து மொழிகளில்.
அடுத்த மாதம் முதல் இரவுக்கும் ஒரு பட்டை,
பஞ்சு வைத்தது, இலவசம்.
படத்தில் தலையணையில் ஒருவன் சிரித்தபடி கண்மூடியிருக்கிறான்.
தமிழ் வரி என்னுடையது.
'நிம்மதியாக உறங்க' என்று எழுதியிருக்கிறேன்.
அவர்கள் தந்த தாளில்
'உறங்க' மட்டும்தான் இருந்தது.