மூன்றும் ஆறும்

டண்டினோங், யூலை, செவ்வாய் இரவு.
ஹீட்டர் பழுதான பதினோராம் அறையில்
ஒன்பது பேர் ஜாக்கெட் கழற்றாமல் இருக்கிறார்கள்.
மேசைக்கு மேசை கேபிள் துண்டுகள்,
சீவிய தோல், கண்ணாடிபோல் பிளாஸ்டிக் தலைகள்.
கிரிம்பர் நாலுதான். மாற்றி மாற்றி எடுக்கவேண்டும்.

போன கிழமை ஹப்பைக் காட்டினேன்,
அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய சாமான்.
ஒருவருக்கு வந்த சேதியை
வீட்டிலுள்ள எல்லோருக்கும் கத்திச் சொல்லும் வாய், என்றேன்.
"என் மாமியார்" என்றாள் துயேன்.
வகுப்பு சிரித்து முடிய ஐந்து நிமிடம்.
சுவிட்ச் அப்படியில்லை.
யார் எந்தக் கதவில் என்று குறித்துவைத்துக்கொண்டு
உரியவர் கதவை மட்டும் தட்டும்.
அறியாத பெயர் வந்தால்
அதுவும் ஒருமுறை ஊரைக் கூட்டும்.

இன்றைக்குக் கம்பிகள்.
எட்டு இழை, நாலு சோடி.
பலகையில் வரிசை எழுதினேன்:
வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம்.
"பச்சைச் சோடியைப் பிரித்து
ஏன் நடுவிலே நீலத்தை இருத்துகிறாய், வாகி?"
கலீல் கேட்டான்.
டெலிபோன்காரன் நடுவிடத்தை முதலே பிடித்துவிட்டான்,
பிந்தி வந்தவர்கள் சுற்றி உட்காரவேண்டியதுதான், என்றேன்.
அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்வாங்கில் ஜாரட்
ஒன்றையும் தொடாமல் இருந்தான்.
ரயில் ஓட்டப் போனானாம்;
நிறப் பரீட்சையில் திருப்பிவிட்டார்களாம்.
"பச்சையும் மண்ணிறமும் எனக்கு ஒரே சேறு"
இடைவேளையில், யாரும் கேட்காதபோது சொன்னான்.
எனக்குப் பதில் வரவில்லை.
நாலு வருடமாய்
எட்டு நிறத்தையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பவள் நான்.

முன்மேசையில் கலீலின் கேபிள் தயார்.
டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டுவரை
விளக்குகள் வரிசையாய் ஓடின.
கைதட்டினோம்.
மடிக்கணினியில் செருகினால்
நத்தை முந்திவிடும்.
மறுபடி டெஸ்டர். மறுபடி எட்டும் எரிந்தன.
கம்பியில் பிழையில்லை
என்று சொன்னது நானேதான்.

ஜாரட் எழுந்து வந்தான்.
தலைக்குப் பின்னால் இரண்டு அங்குலம் தோலை உரித்தான்.
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு
பெருவிரல் நகத்தால் முறுக்குகளை எண்ணினான்.
ஒரு சோடி நெருக்கம், ஒரு சோடி தளர்ச்சி,
ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.
அப்படி முறுக்கினால்தான்
பக்கத்துப் பேச்சு வந்து ஒட்டாது என்று
போன மாதம் சொன்னவளும் நான்தான்.

"மூன்றும் ஆறும் சோடி இல்லை" என்றான்.
"மூன்றோடு பிணைந்தது நாலில் இருக்கிறது.
இரண்டு முனையிலும் ஒரே பிழை.
அதுதான் விளக்கு ஏமாந்துபோனது."

கலீல் பலகையைப் பார்த்தான்,
கையைப் பார்த்தான்.
பச்சையைப் பிரிக்க மனம் வரவில்லை, என்றான்.

வெட்டினோம். திரும்ப நசித்தோம்.
சேதி போனது.

எட்டரைக்கு மதிப்பீட்டுத் தாள்.
நாலாவது வரி:
நிறங்களைக் கொண்டு இழைகளை இனங்காண்கிறார்.
ஆம். இன்னும் இல்லை.
ஜாரட்டின் தாளில்
முதல் இரண்டு சொல்லையும் கோடிழுத்து அடித்தேன்.
'ஆம்' பெட்டியில் சரி போட்டேன்.

தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
கையில் ஒரு துண்டு கேபிளைக் கொடுத்து,
அறை விளக்கை அணைத்துவிட்டு,
எண்ணச் சொல்கிறேன்.