கட்டைவிரல் ரேகை

ஆறு வருடம், ஏழு மாதம்.
அவ்வளவுதான் உன் சுற்று.
மன்னர்கள் பார்த்து நடுங்கிய வால்வெள்ளிகளின் குலத்தில்
நீ கடைக்குட்டி.
வால்கூட இல்லை உனக்கு.
புகைப்படத் தட்டில்
தும்மல் பட்டுக் காய்ந்த துளிபோல் இருப்பாய்.

ரீகாவில், மூன்றாம் மாடியில்,
கணப்பு பாதி மனசோடு எரியும் அறையில்
உன்னைக் கணக்கிட எனக்குச் சம்பளம்.
கையால் சுழற்றும் இரும்புப் பெட்டி ஒன்று;
இலக்கம் தளும்பினால் மணியடிக்கும்.
நாளெல்லாம் அடித்தது.
"தேவாலயத்தை மூடிவிட்டு
மணியை உன்னிடம் தந்துவிட்டார்கள், ஸ்கைத்ரீதே"
என்பான் இல்க்வார்ஸ்,
கதவைப் பார்த்துக்கொண்டே,
தணிந்த குரலில்.

தொலைவில் நீ சோம்பேறி.
வியாழன் வீட்டுப் பக்கம் வருடக்கணக்காய் ஊர்வாய்.
சூரியனை நெருங்கியதும்
கால் சுட்டவள்போல ஓட்டம்.
ஆனாலும் சம நாளில் சம பரப்பு.
அந்தக் கணக்கில் ஒரு கோப்பெக்
ஏமாற்றியதில்லை நீ.

ஐம்பத்தாறில் வந்தாய், சொன்ன இடத்துக்கு.
இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை,
வாய் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று.

ஐம்பத்தொன்பதில் வியாழனை உரசிப் போனாய்.
உரசி என்றால் ஐந்து கோடி கிலோமீட்டர்;
உங்கள் தெருவில் அது தோளிடிப்பு.
பாதை வளைந்தது, ஆண்டு நீண்டது.
எவ்வளவு என்று அறிய
நானூறு தாள், ஒரு முழுக் குளிர்காலம்.

அறுபத்திரண்டில் நீ இல்லை.
பால்டோனே காட்டில்
பதினொரு இரவு தட்டெடுத்தான் இல்க்வார்ஸ்.
கடைசித் தட்டைக் கழுவி, உலர்த்தி,
ஈரக்கையோடு உறையில் போட்டு
"உன் ஆள் வரவில்லை" என்றான்.
சிதறியிருக்கும் என்றார்கள்.
அழுக்குப் பனிக்கட்டிதானே,
சுற்றுக்கு ஓர் ஆளுயரம் தோலை வெயிலுக்குக் கொடுத்தால்
எத்தனை நாள் தாங்கும்.
பட்டியலில் உன் பெயருக்கு நேரே
'தொலைந்தது' என்று நானே எழுதினேன்,
நல்ல கையெழுத்தில்.

பிறகு இல்க்வார்ஸ் லீபாயாவுக்குப் போனான்.
மீன் ஆலையில் குளிரறைப் பொறுப்பு.
மூன்று கடிதம்.
அப்புறம் ஒரு கல்யாணப் புகைப்படம்.

ஐந்து வருடம் கழித்து
ஹெர்ரிங் மீனுக்கு வரிசையில் நிற்கிறேன்.
மீதி தரவேண்டிய கடைக்காரி
முன்னால் நின்றவளிடம் இன்னும் காசு கேட்டாள்.
"கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டாயே அம்மா!"
வரிசையே சிரித்தது.
எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது.
தாள் இருநூற்றுப் பதினேழு, மூன்றாம் நிரல்.
டிராம் பாலத்தைத் தாண்டும் முன்பே
மனசுக்குள் அதைப் பார்த்துவிட்டேன்:
கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் தாள்.

மீன் வாங்கினேனா என்று ஞாபகமில்லை.

திருத்திய இடம் அரைப்பாகை தள்ளி.
பெட்டகத்தில் பதினோராம் இரவின் தட்டு.
விளக்குமேல் வைத்தேன்.
ஓரத்தில், பின்பக்கக் கண்ணாடியில்,
ஒரு கட்டைவிரல் ரேகை,
நீள்வட்டத்துக்குள் நீள்வட்டமாய்.
அதன் நடுவில்
நீ.

வந்திருக்கிறாய்.
நான்தான் வேறு வாசலில் நின்றிருக்கிறேன்.

தட்டைத் துடைத்து அளக்கச் சொன்னார் இயக்குநர்.
அதற்கென்று கையெழுத்திட்டு வாங்கிய சாராயத்தை
வேறொரு கண்ணாடிக்குச் செலவழித்தேன்.
ரேகைக் கோடுகளின் இடுக்கு வழியே
உன்னை அளந்தேன்.
அளவு சரியாகவே வந்தது.

புதிய அட்டவணை அச்சுக்குப் போய்விட்டது.
எழுபது ஜனவரி, விடியலுக்கு முன், கிழக்கே தாழ்வாக.
ஐந்தாண்டுப் பிழைக்குத் திருத்தம்
ஒரு சிறு கோடு.

லீபாயாவுக்கு எழுத உட்கார்ந்தேன்.
'என் ஆள் அன்றைக்கே வந்திருந்தது,
உன் விரலுக்கு அடியில்.'
மையும் காயும் முன் கிழித்துவிட்டேன்.
எந்த ஆள் என்று கேட்பான்.