எட்டு ஸ்கிரீன்

பையர் அனுப்பியது பாரசீகப் பழஞ்சுவடியின் ஒரு பக்கம்.
குழந்தைகள் இரவுடை, பன்னிரண்டாயிரம் உருப்படி,
வியாழனன்று தூத்துக்குடிக்குக் கண்டெய்னர்.
அனுப்பர்பாளையம் பின்தெருவில் மாடி அறை,
பக்கெட்டில் ஏசித் தண்ணீர் சொட்டுகிறது.
நிறம் பிரிப்பது என் வேலை.

எட்டு மடங்கு பெரிதாக்கினால்
குதிரையின் பிடரியில் மயிருக்கு ஒரு கோடு.
அணில்வால் மயிரில் கட்டிய தூரிகையாம்.
ஒரு கோட்டின் நடுவே மட்டும் துளி தடிப்பு:
அங்கே அவன் மூச்சு விட்டிருக்கிறான்.
நீலம், கல்லை இடித்த நீலம்.
பச்சை, செம்புக் களிம்பு;
நாளாக நாளாகத் தாளையே தின்றுவிடுமாம்.
மரத்தடியில் பார்த்தேன், ஓட்டை.
சாயம் தின்னும் என்று
நொய்யல் கரைக்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மெஷினில் எட்டு ஸ்கிரீன்தான்.
நாற்பது நிறத்தை எட்டாக மடிக்கிறேன்.
ரோஜாவைச் செங்கல்லோடு சேர்த்தேன்,
மனசு வரவில்லை, சேர்த்தேன்.
ஊதாப் பாறையை மட்டும் விடமாட்டேன்.
ஊதியூர் மலைக்கு அந்த நிறம்
மாசியில் பொழுது சாயக் கால்மணி நேரம் வரும்,
பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன்.
தங்கத்துக்குத் தனி ஸ்கிரீன்.
அவர்கள் தகட்டைத் தேன் விட்டு அரைத்து
காய்ந்தபின் வழவழத்த கல்லால் தேய்த்தார்களாம்.
எங்களுடையது பேஸ்ட்.
நாலு சலவை தாங்கும்.

எழுத்து என்றால்தான் பயம்.
எமல்ஷன் தடவும் கௌசைக் கூப்பிட்டேன்.
"இது ஓதற எழுத்தான்னு பாரு சாமி, காலில போடற துணி."
காதிலிருந்து ஒயரைக் கழற்றி எழுத்துக் கூட்டினான்.
"இல்லீங்க்கா, பார்சி.
குதிரை, தோட்டம், அவ்வளவுதான் புரியுது."

கீழ் மூலையில், கட்டத்துக்கு வெளியே,
சாய்ந்தாற்போல் ஒற்றைச் சொல்.
பையர் சிவப்பில் வட்டமிட்டிருந்தான்: கறை, நீக்கவும்.
"கறை இல்லீங்க்கா. அடுத்த பக்கம்
எந்தச் சொல்லுல ஆரம்பிக்குதோ அதை இங்கயே எழுதிருவாங்க,
தைக்கறவன் தாளை மாத்திரக் கூடாதுன்னு."
அடுத்த பக்கம் மெயிலில் இல்லை.
"என்ன சொல்லு கண்ணு அது?"
"மகர். பார்சியில என்னவோ.
எங்க வீட்டுப் பேச்சுல 'ஆனா'ங்க்கா."

மணி இரண்டே கால்.
ரப்பரை அதன்மேல் வைத்தேன். எடுத்தேன்.
கறுப்பு ஸ்கிரீனில் சேர்த்து ஃபைலை மூடினேன்.
காலையில் சம்பூரணத்திடம் சொல்ல வேண்டும்:
கீழ் மடிப்பை அரை இஞ்சு குறைச்சுத் தை,
அந்த ஓரத்தில் ஒரு சொல் இருக்கிறது.