முப்பத்தொன்றும் மற்ற நால்வரும்

ஷெஃபீல்டில் ஏழு குன்றுகள் என்பார்கள்,
என் முழங்கால் கணக்கில் எட்டு.
வாக்லி ஏற்றத்தில் மூன்றாவது சந்து, வாடகை வீடு.
பிள்ளைகள் நடக்கும் அடிகளை
உட்கார்ந்து எண்ணுவது என் வேலை.
மணிக்கு இவ்வளவு பவுண்டு.

பன்னிரண்டு வாரம், எட்டாம் வகுப்பு, அறுபது கைப்பட்டை.
நடந்தால் பச்சை. உட்கார்ந்தால் சின்னதாய் ஓர் அதிர்வு.
தின்பதைப் படம்பிடித்து அனுப்பினால் நட்சத்திரம்.
பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது எனக்கு,
எண்தான்.
பெயரைத் தேடமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம் 47
நாடியே இல்லாமல் ஏழாயிரம் அடி நடந்தான்.
நாயின் கழுத்து மயிரில் நாடி பிடிக்காது, தம்பி.

நான்காம் வாரம் செவ்வாயிலிருந்து
31ம் 34ம் 35ம் 40ம் 52ம்
ஒன்றாக ஏற்றம் ஏறினார்கள்.
ஒன்றாக நின்றார்கள், பன்னிரண்டு நொடி.
மறுபடி ஏற்றம், மறுபடி பன்னிரண்டு நொடி.
நட்பு என்று நினைத்தேன்.
பிறகு நாடியைப் பார்த்தேன்.
142, 142, 142, 142, 142.
என்னதான் உயிர்த்தோழர்களானாலும்
இப்படியா மூச்சு வாங்கும்?

சாப்பாட்டுப் படத்தில் ஓர் ஆப்பிள்.
ஐந்து பேருக்கும் அதே ஆப்பிள்.
31இல் முழுசு. 34இல் ஒரு கடி.
52க்கு வரும்போது காம்பும் விதையும்.
ஐந்துக்கும் நட்சத்திரம் கொடுத்திருந்தது மென்பொருள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் ஹெப்பிள்வைட்
வரைபடத்தைத் தொட்டு, "இந்த ஐவர் அருமை" என்றார்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று
எனக்கே தெரியாது.

அடுத்த வியாழன், மாலை ஆறேகால், தூறல்.
வாசல் நடையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கதவின் தபால் வாய் திறந்து
வழுவழுப்பாய் ஒரு தாள் விழுந்தது:
பீட்சா, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
தாளுக்குப் பின்னாலேயே, கதவுக்கு அப்பால்
ஐந்து வண்டுகள் ஒன்றாய் முரலும் சத்தம்.
பத்தாயிரம் அடி.
அந்த அதிர்வு எனக்குத் தெரியும்.

திறந்தேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும்.
தோளில் தாள் மூட்டை, நெற்றியில் ஒட்டிய முடி.
காலுறையை இறக்கிவிட்டுக்
கணுக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
கொலுசை அடுக்கின மாதிரி ஐந்து,
ஐந்திலும் பச்சை மினுக்கம்.
"சாரி" என்றாள்,
நான் எதற்கு என்று கேட்பதற்குள்
காலுறையை ஏற்றிவிட்டாள்.

உன் நாடி எனக்கு மனப்பாடம், பெண்ணே.
ஏறும்போது எங்கே திணறும்,
எந்தத் திருப்பத்தில் இறங்கும் என்று தெரியும்.
பட்டைக்கு வாரம் எவ்வளவு வாங்குகிறாய்?
மற்ற நாலு பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?
ஆப்பிளை முழுக்க நீதானே தின்றாய்?
ஐந்தில் உன்னுடையது எது?
ஒன்றையும் கேட்கக்கூடாது.
"வழுக்கும், பார்த்துப் போ" என்றேன்.
அதற்குள் அடுத்த வீட்டு வாசலில்
நின்றுகொண்டிருந்தாள்.
எண்ணினேன். பன்னிரண்டு நொடி.

மடிக்கணினியில் தரக்குறிப்பு என்று ஒரு கட்டம்.
நாலு எண்களை நீக்க வேண்டும்,
எந்த நாலு என்று எழுத வேண்டும்.
எட்டரை மணி வரை
கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு
துடித்துக்கொண்டே இருந்தது.

அலுவலகம் எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறது,
அறுபத்தொன்றாவது பட்டை.
எழுந்து நில் என்றது.
எழுந்து நின்றேன்.
நின்றபடியே அந்தத் தாளில் இருந்த எண்ணை அடித்தேன்.
சின்னது ஒன்று, காளான் போட்டது.
"தாள் பார்த்துக் கூப்பிட்டீர்களா?
அப்படியானால் இரண்டு வரும்."
எனக்கு ஒன்று போதும் என்று சொல்ல வாயெடுத்து,
சரி, வரட்டும் என்றேன்.