பேர், பயன்பாடு, குறைகள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடி.
பதினொரு கணினி, அதில் ஒன்பது எழும்பும்.
நாலு மணிக்கு மூட்டம் இறங்கினால்
முதலில் இணையம் மறையும், பிறகுதான் மலை.

அதனால்தான் இந்த வேலை:
கணினிக்குள்ளேயே கிடக்கிற கையேட்டுப் பக்கங்களைக் கிண்டி
கட்டளைக்கு ஒன்றாய்ச் சின்ன உதவிக் கோப்பு,
தலைப்பு தமிழில்,
ஒரு வரி விளக்கம் என் கொப்பியிலிருந்து.
கையால் பதினேழு எழுதினேன்.
பதினெட்டாவதில் சலித்து
ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஓட்டத்தில் எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாய் விழுந்தது.
தடித்த எழுத்து என்பது பழைய தட்டச்சுத் தந்திரமாம்:
ஓர் எழுத்தை அடி,
ஓர் எட்டுப் பின்னால் வா,
அதன் மேலேயே அதை மறுபடி அடி.
திரையில் கறுப்பாய், உறுதியாய்த் தெரிகிறது.
கோப்பிலோ மூன்றும் கிடக்கின்றன,
அந்தப் பின்வாங்கலும் சேர்த்து.
களையெடுக்க ஒரு வரி போதுமாயிருந்தது.

தலைப்பைப் பிடிக்க
'பெரிய எழுத்தில் இருக்கும் வரி' என்று விதி வைத்திருந்தேன்.
தமிழாக்கிய கோப்பை மறுபடி ஓட்டினால்
ஒன்றும் அகப்படவில்லை.
நமக்கு ஏது பெரிய எழுத்து?
சிரிப்பு வந்தது. விதியை மாற்றினேன்:
ஓரத்தைத் தொட்டு நிற்பது தலைப்பு,
உள்ளே தள்ளி நிற்பது பேச்சு.

முதல் தலைப்புக்குப் 'பெயர்' என்று போட்டிருந்தேன்.
எட்டிப் பார்த்த இமெல்டா கேட்டாள்:
"முழுப் பேரா மிஸ், அரைப் பேரா?"
வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
முந்தின நாள் மழை;
கொழுந்து மூன்று கிலோ குறைந்ததற்கு
அம்மாவுக்குச் செக்ரோலில் அரைப் பேர்தான் விழுந்திருந்தது.
'பெயரை' அழித்துப் 'பேர்' என்று போட்டேன்.
இருநூற்றுப் பதினொரு கட்டளைக்கும் முழுப் பேர்.

கடைசித் தலைப்பு குறைகள்.
கையேட்டில் எனக்குப் பிடித்த இடம்.
செய்தவனே வந்து
இன்ன இடத்தில் இது பிழைக்கும், பார்த்துக்கொள்
என்று எழுதிவைத்துப் போகிறான்.
தொழிற்சாலைச் சுவரில் ஒட்டிய எந்த அறிவித்தலுக்கும்
இப்படி ஒரு கடைசிப் பகுதி இருந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளி இரவு ஓடி முடிந்தது.
ஒரு கோப்பின் அளவு மட்டும் பூச்சியம்.
சீடீ.
ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் போகிற கட்டளை,
முதல் நாளே சொல்லிக்கொடுப்பது.
கையேட்டைக் கேட்டால்
சீடீக்குப் பதிவு எதுவும் இல்லை என்கிறது.

இரண்டு மணிநேரம் என் வரிகளில் பிழை தேடினேன்.
பிழை என்னிடம் இல்லை.
மற்றவை வெளியே இருந்து வந்து ஏறியவை,
ஆளுக்கொரு பக்கத்தோடு.
இது ஷெல்லுக்குள்ளேயே பிறந்தது.
உள்ளே பிறந்ததற்குத்
தனிக் கடதாசி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் தட்டாமல் இருந்தேன்.
கீழே பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ்
கியர் மாற்றி முனகியது.

பிறகு ஸ்கிரிப்டில் ஒரு கிளை:
பக்கம் இல்லாவிட்டால் ஷெல்லையே கேள்.
கேட்டால் சொல்கிறது.
மூச்சு விடாமல் முப்பது நாற்பது வரி.

அதிலும் 'குறைகள்' இல்லை.
ஓரத்தைத் தொட்டு நிற்கும் அந்தத் தலைப்பை
வெறுமையாய் விட மனமில்லாமல்
நானே எழுதினேன்:
எங்கே போக வேண்டும் என்று சொல்லாவிட்டால்
வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்.

திங்கள் காலை இமெல்டா அதைத் திறந்து,
விரல் வைத்து வாசித்து,
"இது எப்படி மிஸ் குறை?" என்றாள்.

கோப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.